மானமும் மனந்திரும்புதலும்

பிழை செய்யாத மனிதர் இலர் என்பது எல்லாச் சமயங்களும் எல்லா நீதி நூல்களும் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஆனால், பிழை செய்தபின், அது பிழையென்று தெளிவாகத் தெரிந்தபின், மனிதன் எவ்வாறு வாழ்வது என்னும் வினாவுக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. சொல்லிய சொல்லைத் திரும்ப அழைக்க இயலாது. செலவழிந்த பொருளும் கழிந்த காலமும் மீள்வதில்லை. நம்மால் புண்பட்டவர் முகம் நம் கண்ணை விட்டு அகலுவதும் இல்லை. அந்நிலையில் உள்ள ஒருவன் மீண்டும் மனமார மகிழலாமா? மகிழலாம் எனின், அம்மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது? அது தன் குற்றத்தை மறந்ததனால் வரும் மயக்கமா, அன்றி அதனைக் கடந்ததனால் வரும் தெளிவா?

இவ்வினாவைத் தமிழ் மரபு ஒரு வகையாலும் கிறித்தவ நெறி மற்றொரு வகையாலும் எதிர்கொள்கின்றன. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் வாழ்வுக்கு வேண்டிய ஒளி கிடைக்கும் என்பதே நம் எண்ணம்.

மானத்தின் மறுமொழி

தமிழர் பிழையை எளிதாக எடுத்துக்கொண்டவர் அல்லர். வள்ளுவப் பெருந்தகை குற்றங்கடிதல் என்று ஓர் அதிகாரமும், மானம் என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். பழிக்கு அஞ்சும் சான்றோர் தம்மிடம் நேர்ந்த மிகச் சிறு பிழையையும் மிகப் பெரிதாகக் கொண்டு நாணுவர் என்பது அவர் கருத்து. மானம் போனபின் உயிர் வாழ ஒருப்படாத பெருமக்களுக்குக் கவரிமாவை அவர் உவமையாக்கியதை நம் பிள்ளைகளும் அறிவர்.

இவ்வறத்திற்கு உருவம் தந்து நிறுத்திய காட்சி சிலப்பதிகாரத்தில் உள்ளது. ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் நெடுஞ்செழியன் முன் கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பிலே முத்து. உடைந்த சிலம்பிலே மாணிக்கம். அவ்வளவில் வழக்கு முடிந்தது. மன்னன் வாதாடவில்லை, பொற்கொல்லன்மீது பழி சுமத்தவில்லை. தன்னையே கள்வன் எனக் கூறிக்கொண்டு அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறக்கிறான். தன் பிழையைக் கண்ட கணமே தன்னைத் தண்டித்துக்கொண்ட அம்மன்னனைத் தமிழுலகம் இன்றளவும் போற்றுகின்றது. அவன் இறப்பில் அவனுடைய செங்கோல் நிமிர்ந்தது என்று கொள்வது நம் மரபு. அதிகாரத்தில் இருப்போர் எத்துணைப் பிழை செய்தாலும் ஏதேனும் ஒரு காரணம் காட்டித் தப்பும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, அம்மன்னனின் நாணம் கைகூப்பத் தக்கதாகவே தோன்றுகிறது.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாண்டியன் இறந்தான், கோவலன் மீளவில்லை. பாண்டியன் இறந்தான், கண்ணகியின் கண்ணீர் நிற்கவில்லை. பாண்டியன் இறந்தான், மதுரை எரிந்தது. மானம் பிழையின் பெருமையை உணர்த்தியது. ஆனால் பிழைக்குப் பின் வாழும் வழியைக் காட்டவில்லை. காவியத் தலைவர்களுக்கு அவ்வழி வேண்டாதிருக்கலாம். மறுநாட் காலையில் எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பணிக்குச் சென்று, மாலையில் வீடு திரும்பவேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஓரிரவு, இருவர்

கிறித்தவ மறைநூல் இவ்வினாவை இரு மனிதர் வாயிலாக நம்முன் வைக்கிறது. இயேசு பெருமான் பிடிபட்ட அதே இரவில் அவருடைய நெருங்கிய மாணவர் இருவர் தவறினர். யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தான். பேதுரு, தலைமைக் குருவின் முற்றத்தில் குளிருக்காக மூட்டிய கரிநெருப்பில் காய்ந்துகொண்டே, அவரை அறியேன் என்று மும்முறை மறுத்தார். அவரை முதலில் வினவியவள் படைவீரனும் அல்லள், நீதிபதியும் அல்லள். வாயில் காக்கும் ஒரு பணிப்பெண்.

யூதாசுக்குக் குற்றவுணர்வு இல்லை என்று பலரும் எண்ணுவர். மத்தேயு எழுதிய நற்செய்தி அவ்வாறு கூறவில்லை. அவன் வருந்தினான், காசைத் திருப்பிக் கொண்டுவந்தான், குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தது பாவமென வாய்விட்டும் சொன்னான். வருத்தம், அறிக்கை, பொருளைத் திரும்ப அளித்தல் ஆகிய மூன்றும் அவனிடம் இருந்தன. ஆயின் அவன் யாரிடம் சென்றான்? தன்னை விலைக்கு வாங்கியவர்களிடம் சென்றான். அதனால் தங்களுக்கு என்ன, அது அவன் பாடு என்று அவர்கள் கைவிரித்தனர். காசைக் கோயிலில் வீசிவிட்டுத் தனியே போனான். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அவனுக்குத் தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. மன்னிப்பு இல்லாத இடத்தில் போய் மன்னிப்பைத் தேடிய ஒருவனின் துயரமாகவே அதனை நாம் காண்கிறோம்.

பேதுருவும் அன்றிரவு அழுதார். மறுத்த அந்நேரத்தில் ஆண்டவர் திரும்பி அவரைப் பார்த்தார் என்று லூக்கா எழுதுகிறார். அப்பார்வை எப்படிப்பட்டது என்பதை அவர் எழுதவில்லை. ஆனால் அப்பார்வைக்குப் பின்னரே பேதுரு வெளியே சென்று மனங்கசந்து அழுதார். அழுதபின் அவர் மற்ற மாணவர்களை விட்டு விலகி எங்கோ போய்விடவில்லை; தம் வீழ்ச்சியை அறிந்தவர்கள் நடுவிலேயே இருந்தார். உயிர்த்தெழுந்த செய்தியைச் சொல்ல வந்த தூதன், மாணவர்களுக்கும் பேதுருவுக்கும் சொல்லுங்கள் என்று அவர் பெயரைத் தனியே எடுத்துக் கூறியதாக மாற்கு எழுதுகிறார். கூட்டத்தில் ஒருவனாகத் தன்னை எண்ணிக்கொள்ளவும் கூசிய ஒருவனுக்குப் பெயர் சொல்லி அழைப்பு வந்தது.

அதன்பின் திபேரியாக் கடற்கரையில் நிகழ்ந்தது மிக நுட்பமான காட்சி. அங்கே ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது: பேதுரு மறுத்த முற்றத்தில் ஒருமுறை, இக்கடற்கரையில் ஒருமுறை. அதே நெருப்பின் முன் அவரை அமர்த்தி, முதலில் உணவளித்து, பின்னர் தம்மை அன்பு செய்கிறாயா என்று மும்முறை வினவினார். ஏன் மறுத்தாய் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துயருற்றார். மருந்து காயத்தைத் தொட்டால் எரியத்தானே செய்யும்? ஒவ்வொரு விடைக்கும் பின் ஒரு பணி தரப்பட்டது: மந்தையைப் பேணும் பணி. மூன்று மறுப்புக்கு மூன்று அன்புரை. ஒவ்வோர் அன்புரைக்கும் ஒரு பொறுப்பு. பழைய பிழை மூடி மறைக்கப்படவில்லை, மறக்கவும் படவில்லை. அது நடந்த இடத்திலேயே மாற்றியமைக்கப்பட்டது.

இருவருள் யார் பிழை பெரிது என்று அளந்துகொண்டிருப்பதில் பயனில்லை. அவர்களைப் பிரித்தது பிழையின் அளவன்று; பிழைக்குப் பின் அவர்கள் முகம் திரும்பிய திசை.

திரும்புதல் என்னும் சொல்

தமிழ்க் கிறித்தவர் இந்நிலைக்கு வழங்கும் மனந்திரும்புதல் என்னும் சொல் மிக அழகியது. மனமாற்றத்தைக் குறிக்கும் மெட்டனோயா என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக அது வழங்குகிறது. எபிரேய மொழியிலும் இதற்கான சொல் திரும்பி வருதல் என்னும் பொருளதே. திரும்புதல் என்றால் யாரோ ஒருவரை நோக்கித் திரும்புதல். குற்றவுணர்வு தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். மனந்திரும்புதல் மற்றொருவர் முகத்தைப் பார்க்கும். நான் இப்படிச் செய்துவிட்டேனே என்று ஓயாது புலம்புபவன் தாழ்மையுடையவன் போலத் தோன்றினும், அவன் பேச்சின் நடுவில் இருப்பது நான் என்னும் ஒரு சொல்லே. ஒருவகையில் அதுவும் செருக்கின் மறுபக்கம்தான். எனக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது என்று எண்ணுவதும், நான் மட்டும் தவறவே மாட்டேன் என்று எண்ணுவதும் தன்னை மற்றவர்களினின்று பிரித்து நிறுத்துவதில் ஒன்றே.

தந்தையின் ஓட்டம்

லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் மூன்று உவமைகள் தொடர்ந்து வருகின்றன. நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போகிறது. பத்துக் காசுகளில் ஒன்று காணாமற்போகிறது. இரண்டு மக்களில் ஒருவன் காணாமற்போகிறான். மூன்றும் மகிழ்ச்சியில் போய் முடிகின்றன. ஆனால் அங்கே முதலில் மகிழ்பவர் யார்? ஆடு மகிழ்ந்ததாகச் சொல்லப்படவில்லை. காசு மகிழ இயலாது. மேய்ப்பன் மகிழ்கிறான், விளக்கேற்றித் தேடிய பெண் மகிழ்கிறாள், தந்தை மகிழ்கிறார். பிழை செய்தவன் நான் மகிழலாமா என்று தயங்கி நிற்கையில், அவனைக் கண்டெடுத்தவர் முன்னரே மகிழ்ந்துகொண்டிருக்கிறார். கிறித்தவ நெறி கூறும் மகிழ்ச்சி நாம் உழைத்து ஈட்டும் கூலியன்று. ஏற்கெனவே தொடங்கிவிட்ட விருந்துக்கு நமக்கு வரும் அழைப்பு.

இளையமகன் தன் பங்கைக் கேட்டு வாங்கித் தூரதேசம் போய், அனைத்தையும் அழித்து, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, பின் தெளிவடைந்து திரும்புகிறான். வழிநெடுகத் தந்தையிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வருகிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். ஆனால் வீட்டை அடைந்தபோது முதலிரு பகுதிகளையே அவன் சொல்கிறான். கூலியாள் என்னும் பகுதி அவன் வாயிலிருந்து வரவில்லை. அதற்குள் தந்தை மேலாடையும் மோதிரமும் காலணியும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். தகுதியில்லை என்று அவன் சொன்னதைத் தந்தை மறுக்கவுமில்லை, கூலியாளாக ஏற்கவுமில்லை. மகனாகவே வைத்துக்கொண்டார்.

அவர் ஓடினார் என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். ஊர் மதிக்கும் முதிய குடும்பத் தலைவர் தெருவில் ஓடுவது அந்நாட்டு வழக்கத்தில் மதிப்புக்குரிய செயலன்று. நம் நாட்டிலும் அன்று. மகன் இழந்த மானத்தை மீட்க, தந்தை தம் மானத்தைச் சற்றே ஒதுக்கிவைத்தார். மானம் என்னும் வினாவுக்குக் கிறித்தவ நெறி தரும் விடை இங்கேதான் இருக்கிறது. மன்னிப்பு இலவசமாக வருவதன்று. அதன் விலையை மன்னிப்பவர் செலுத்துகிறார். உரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த மிக இழிந்த தண்டனை சிலுவை. அவ்விழிவைக் கடவுளே ஏற்றார் என்பதுதான் கிறித்தவ நம்பிக்கையின் நடுப்புள்ளி. குற்றம் குற்றமன்று என்று அங்கே யாரும் சொல்லவில்லை. குற்றம் அவ்வளவு பெரிது. அதனைச் சுமந்த அன்பு அதனினும் பெரிது என்பதே அதன் பொருள்.

உவமை அத்துடன் முடியவில்லை. மூத்தமகன் வயலிலிருந்து வருகிறான். இசையொலி கேட்டுச் சினந்து வெளியிலேயே நிற்கிறான். தவறே செய்யாதவன் மகிழ்ச்சியின்றி நிற்க, தவறியவன் உள்ளே மகிழ்ந்திருக்கிறான். தந்தை அவனையும் அழைக்க வெளியே வருகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்பதைச் சொல்லாமலே இயேசு கதையை நிறுத்திவிட்டார். அவ்விடத்தை நிரப்புவது கேட்பவரின் பொறுப்பு.

கண்ணகிக்கு என்ன மறுமொழி?

இங்கே ஒரு தடை எழும்; அது நியாயமான தடை. கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு குற்றவாளி மகிழ்ந்திருக்க, உடைந்த சிலம்பைக் கையில் ஏந்தி நிற்கும் கண்ணகிக்கு என்ன மறுமொழி? அவளை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே நடக்கும் வழிபாடு வழிபாடாகுமா?

ஆகாது என்பதே நற்செய்தியின் தீர்ப்பு. பீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகவேண்டும் என்று இயேசு மலைப்பொழிவில் கற்பித்தார். எரிகோ நகரில் காட்டத்தி மரத்தில் ஏறியிருந்த வரிவசூல் தலைவன் சகேயுவை அவர் பெயர் சொல்லி அழைத்து அவன் வீட்டில் விருந்துண்டார். அவன் மகிழ்ச்சியோடு அவரை ஏற்றான். ஏற்றபின் தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரிடமேனும் அநியாயமாய்ப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தான். வரிசையை நோக்குக: ஈடு செய்தபின் அன்பு கிடைக்கவில்லை, அன்பு கிடைத்தபின் ஈடு செய்யும் வலிமை பிறந்தது. தண்டனைக்கு அஞ்சுபவன் எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்று கணக்கிடுவான். மன்னிக்கப்பட்டவன் நான்கு மடங்கு கொடுப்பான்.

இவ்வுண்மை ஒருவன் வாழ்வில் முதிர்வதற்கு எத்துணைக் காலம் ஆகலாம் என்பதற்கு ஆங்கிலேயரான சான் நியூட்டனின் வரலாறு சான்று. 1725-இல் பிறந்த அவர் அடிமை வணிகக் கப்பல்களில் பணியாற்றியவர். 1748-இல் நடுக்கடலில் கடும்புயலில் சிக்கியபோது கடவுளை நோக்கிக் கூவினார். அந்நாளைத் தம் மனமாற்றத்தின் தொடக்கமாக வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். ஆயினும் அதற்குப் பின்னரும் அவர் அடிமைக் கப்பலின் தலைவராகக் கடலோடினார். 1754-இல் உடல்நலம் குன்றியபோதுதான் கடல் வாழ்வை விட்டார். 1764-இல் திருப்பணியாளரானார். உலகெங்கும் பாடப்படும் திருவருட் பாடல் ஒன்றை எழுதி, 1773-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தம் சபையாருக்கு அளித்தார். ஆனால் அடிமை வணிகத்தின் கொடுமைகளை வெளிப்படுத்தி, அதில் தமக்கிருந்த பங்கையும் நாணத்தோடு ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788-இல். புயலுக்கும் அந்நூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் பிரித்தானியாவில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் நியூட்டன் மறைந்தார்.

இவ்வரலாறு இனிமையான கதையன்று. ஆதலினாலேயே நமக்குப் பயன்படுகிறது. அருளைப் பாடிய வாய், தான் செய்த கொடுமையை ஊரறியச் சொல்வதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அந்த நாற்பது ஆண்டுகளும் விலங்கிடப்பட்டவர்களுக்கு நாற்பது ஆண்டுத் துன்பம் என்பதை மறத்தலாகாது. மன்னிப்பு ஒரு நொடியில் கிடைக்கலாம். உண்மையை முழுதும் காணும் கண் மெல்லவே திறக்கிறது. அக்கண் திறக்க அஞ்சாதிருப்பதற்கும் மன்னிப்பே துணை. இன்னுமொன்று: புண்பட்டவர் எப்போது மன்னிக்கவேண்டும் என்று நாள் குறிப்பது புண்படுத்தியவரின் உரிமையன்று. வாயிலில் பணிந்து நிற்பது நம் கடமை. கதவைத் திறப்பது அவர் விருப்பம்.

சந்தேகக் கோட்டையும் சாவியும்

மன்னிக்கப்பட்ட பின்னரும் பழைய நினைவு மீண்டும் மீண்டும் வந்து மிரட்டுவதைப் பலர் அறிவர். இதனைச் சான் பனியன் நன்கு உணர்ந்திருந்தார். 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்த அவர் 1678-இல் வெளியிட்ட பயணக் கதை, மோட்சப் பிரயாணம் என்னும் பெயரில் தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. அதனைத் தழுவி, நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காவியத்தைப் படைத்தார். அது 1894-இல் வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த தமிழ் நெஞ்சம், சிலுவையடியில் சுமை இறங்கும் இன்பத்தைத் தமிழ் விருத்தத்தில் பாடியதால், கிறித்தவக் கம்பர் என்று அவரைத் தமிழுலகம் அழைத்தது.

பனியனின் கதையில் முதுகில் சுமையோடு புறப்பட்ட பயணி, சிலுவையடியில் சுமை கழன்று உருண்டு வீழக் கண்டு துள்ளி மகிழ்கிறான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. நெடுந்தூரம் சென்றபின், பாதை கரடுமுரடாக இருக்கிறதென்று பக்கத்துப் புல்வெளி வழியே போகலாம் எனத் தோழனை அவனே அழைத்துச் செல்கிறான். வழி தவறுகிறது. இரவில் மழையும் வெள்ளமும் சூழ்கின்றன. தன்னால் வந்த வினை இது என்று தோழனிடம் மன்னிப்புக் கேட்கிறான், தோழனும் மன்னிக்கிறான். பின் இருவரையும் அவநம்பிக்கை என்னும் அரக்கன் பிடித்துச் சந்தேகக் கோட்டையில் அடைத்து, அடித்துத் துன்புறுத்தி, இனி நீங்கள் உயிர் வாழ்ந்து என்ன பயன், உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளுங்கள் என்று நயந்து பேசுகிறான். அவ்வரக்கனின் குரலை நம்மில் சிலர் நள்ளிரவில் கேட்டிருக்கலாம். அது மானத்தின் குரல் போலவே ஒலிக்கும். ஆனால் மானத்தின் குரலன்று. அப்போது பயணியைக் காத்தவன் உடனிருந்த தோழன். பொறுத்திரு, நாம் கடந்துவந்த இடர்களை நினைத்துப்பார் என்று அவனைத் தேற்றினான். சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் வேண்டத் தொடங்கினர். விடியும் வேளையில் பயணிக்குத் திடீரென நினைவு வந்தது: வாக்குறுதி என்னும் பெயருடைய சாவி இவ்வளவு நாளும் தன் மார்பிலேயே இருந்தது. அதனால் கோட்டையின் கதவுகள் திறந்தன.

வெளியே வந்தவர்கள் ஓடிப்போய்விடவில்லை. தாங்கள் வழிதவறிய இடத்தில் ஒரு தூணை நட்டு, பின்வருவோர்க்கு எச்சரிக்கை பொறித்துவைத்தார்கள். பிழையைக் கடத்தல் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டியதில்லை. பிழை நடந்த இடம் மறைக்கப்படவில்லை. அது பிறர்க்கு வழிகாட்டும் இடமாயிற்று.

நம் இல்லங்களில்

ஊரை விட்டு வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வெண்ணங்கள் இன்னும் நெருக்கமானவை. சொந்த ஊரில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனால், சித்தப்பாவோ அத்தையோ நடுவில் வந்து ஒரு திருமண வீட்டில் இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிடுவார்கள். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தச் சித்தப்பா இல்லை. நான்கு சுவருக்குள் நடந்த பிழை நான்கு சுவருக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வளர்கிறது.

பெற்றோரின் கடைசிக் காலத்தில் உடனிருக்க இயலவில்லை என்னும் துயரம் நம்மில் பலருக்கு உண்டு. தில்லியிலிருந்து சென்னைக்கு விரைவு வண்டியிலும் ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம். அங்கிருந்து நெல்லைக்கு இன்னோர் இரவு. தந்தி வந்த காலத்திலும் சரி, கைப்பேசி வந்த பின்னும் சரி, தூரம் தூரமே. இத்துயரத்தில் பிழை எது, பிழையல்லாதது எது என்று பிரித்தறிதல் வேண்டும். வண்டி போய்ச்சேரத் தாமதமானது பிழையன்று; பிழைப்புக்காக ஊரை விட்டதும் பிழையன்று. ஆனால் எழுதியிருக்கக்கூடிய மடலை எழுதாததும், சினத்தில் சொன்ன சொல்லைத் திருத்தாததும் பிழையாக இருக்கலாம். கிறித்தவ மரபில் பாவ அறிக்கைக்குள்ள பயன் இதுவே: அது பிழைக்குப் பெயரிடச் சொல்கிறது. பெயரில்லாத குற்றவுணர்வு புகைபோல வீடெங்கும் பரவும். அதனை மன்னிக்கவும் முடியாது, ஈடு செய்யவும் முடியாது. பெயரிட்டுச் சொன்னால், பாதி பிழையே அல்ல என்று தெரியும். மீதியை மன்னிப்பின் முன் கொண்டுபோய் வைக்கலாம்.

மன்னிப்புக் கேட்கவேண்டியவர் மறைந்துவிட்டாரெனின் என் செய்வது? இதற்கும் விடையுண்டு. மறைந்தவர் இறைவன் கையில் இருக்கிறார். அவரிடம் சொல்லவேண்டியதை இறைவனிடம் சொல்லலாம். அவருக்குச் செய்யாது விட்டதை, உயிரோடிருக்கும் மற்றொரு முதியவருக்குச் செய்யலாம். பேதுருவிடம் அன்பைக் கேட்டவர், அவ்வன்பை மந்தைக்குச் செலுத்துமாறுதானே பணித்தார்?

தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் அமைத்த திருவிருந்து வழிபாட்டு முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பாவ அறிக்கையும் மன்னிப்பின் உறுதிமொழியும், பின்னர் அருகிலிருப்பவரின் கைகளைப் பற்றிச் சமாதானம் பகிர்தல், அதன்பின் விருந்து. உண்மை, ஒப்புரவு, விருந்து என்னும் இவ்வொழுங்கை எச்சமயத்தாரும் தத்தம் இல்லத்தில் கைக்கொள்ளலாம். மதிப்பெண் குறைந்ததை மறைத்த பிள்ளை, தானே வந்து சொல்லும் துணிவைப் பெறுமாயின், அவ்வீடு நல்ல வீடு. அத்துணிவு தந்தையின் பிரம்பைக் கண்டு வருவதன்று. தந்தை தம் பிழையைப் பிள்ளையிடம் ஒப்புக்கொள்வதைக் கண்டு வருவது.

மகிழ்ச்சியின் இயல்பு

பிலிப்பி நகரத்தார்க்குப் பவுல் எழுதிய மடல் மகிழ்ச்சியின் மடல் எனப்படும். அதனை அவர் சிறையிலிருந்து எழுதினார். கிறித்தவர்களைத் துன்புறுத்தியவர் அவர். தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்களின் ஆடைகளைக் காத்து நின்றவர். பின்னானவற்றை மறந்து முன்னானவற்றை நாடி ஓடுவதாக அம்மடலில் அவர் கூறுவர். ஆயினும் தம் பழைய பிழையை அவர் உண்மையில் மறந்தாரில்லை. அதே மடலிலும் பிற மடல்களிலும் தாமே அதனை எடுத்துரைக்கிறார். நினைவு இருந்தது, நினைவின் கொடுக்கு முறிந்திருந்தது. ஓட்டக்காரன் தான் கடந்த வழியை அறிவான். ஆனால் பின்னால் பார்த்துக்கொண்டே ஓடமாட்டான்.

எனவே பிழைக்குப் பின் வரும் மகிழ்ச்சி பிழையற்றவனின் மகிழ்ச்சியினின்றும் வேறானது. அது பணிவுடையது, பிறர் பிழையைக் கண்டு இகழாதது, கடன்பட்டதை அறிந்து கொடுப்பது. பாண்டியனின் நாணம் நமக்கு வேண்டும். அது இல்லையேல் பிழை பிழையென்றே தோன்றாது. அந்நாணத்தோடு நின்றுவிடாமல், விடியும்வரை காத்திருந்து, கடற்கரையில் எரியும் நெருப்பை நோக்கி நடந்துசெல்லும் பேதுருவின் துணிவும் நமக்கு வேண்டும். மானம் நம்மைத் தலைகுனியச் செய்யட்டும்; மன்னிப்பு நம்மைத் தலைநிமிரச் செய்யட்டும். மூத்தமகனைப் போல வெளியே நிற்பவர் யாரேனும் நம் இல்லத்தில் இருப்பின், அவரையும் கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்வோம், விருந்து நடந்துகொண்டிருக்கிறது.